செடி முதலில் வரட்டும்

1972ஆம் ஆண்டு. ஹவாயின் ஓவாஹூ தீவில் கானியோஹே என்ற ஊர். அங்கே செல்லப்பிராணிக் கடை வைத்திருந்த ஒருவருக்குக் கென்யாவிலிருந்து ஜாக்சன் பச்சோந்திகள் சில டஜன் வந்து இறங்கின. ஆணுக்கு முகத்தில் மூன்று கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும் இனம் இது. நெடும்பயணத்தில் அவை மெலிந்து, உடலில் நீர் வற்றிப்போயிருந்தன. தேறட்டும் என்று கடைக்காரர் அவற்றைத் தன் வீட்டுத் தோட்டத்துச் செடிகளில் விட்டார். உடம்பு தேறியதும் பிடித்து விற்றுக்கொள்ளலாம் என்பது அவருடைய கணக்கு. பச்சோந்திகள் தேறிவிட்டன. திரும்பப் பிடிக்கத்தான் முடியவில்லை.

இன்று அவற்றின் சந்ததி ஹவாயின் பல தீவுகளில் பரவி, அந்த மண்ணுக்கே உரிய பூச்சிகளையும் அரிய மர நத்தைகளையும் தின்று தீர்க்கிறது. வளர்ப்புப் பிராணியை வெளியே விடவே கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டாம். பச்சோந்தி வளர்ப்பவர்கள் இதே கதையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நீரின்றித் துவண்ட விலங்குகள் பிழைத்த இடம் ஒரு தோட்டம். ஈரக் காற்று, மழை, இலை, கிளை ஆகியவை எல்லாம் அங்கே ஒன்றாக இருந்தன. வீட்டுக்குள் வைக்கும் வலைக்கூண்டில் அந்தத் தோட்டத்தின் ஒரு பங்கையாவது உண்டாக்க முடியுமா என்பதுதான் பச்சோந்தி வளர்ப்பின் மையக் கேள்வி. முடியும். அதற்கு உயிருள்ள செடி வேண்டும்.

முதலில் தண்ணீரைப் பார்ப்போம். பெரும்பாலான பச்சோந்திகளுக்குக் கிண்ணத்தில் அசையாமல் கிடக்கும் நீர் கண்ணில் படுவதே இல்லை. மூக்குக்கு நேரே கிண்ணம் இருந்தாலும் தாகத்தில் வாடிக்கொண்டிருக்கும். மரத்திலேயே வாழும் இந்த விலங்குக்குத் தண்ணீர் என்றால் இலையில் உருளும் துளி, நுனியில் தொங்கி மினுங்கும் பனி, மழை நின்ற பிறகு சொட்டுவது. அந்த மினுக்கம் கண்ணில் பட்டால்தான் நாக்கு நீளும். அதனால்தான் அனுபவசாலிகள் தெளிப்பானால் செடியை நனைக்கிறார்கள். கூண்டின் மேலே ஒரு சொட்டுநீர்க் குழாயை வைத்து, துளி இலைக்கு இலை தாவி இறங்கும்படி விடுகிறார்கள். போதிய நீர் குடித்த பச்சோந்தியின் எச்சத்தில் யூரிக் அமிலப் பகுதி வெள்ளையாக இருக்கும். அது ஆரஞ்சு நிறமாகி, கண்களும் குழி விழுந்திருந்தால் உடலில் நீர் குறைந்துவிட்டது என்று பொருள்.

பிளாஸ்டிக் இலையிலும் துளி நிற்கும், அப்புறம் எதற்கு நிஜச் செடி என்று கேட்பவர்கள் உண்டு. துளி நிற்கும்தான். ஆனால் செடி வேரில் உறிஞ்சும் நீரில் மிகப் பெரும்பகுதியை இலைத் துளைகள் வழியே ஆவியாகக் காற்றில் விடுகிறது. அடர்ந்த இலைகளுக்கு நடுவே காற்று எப்போதும் கொஞ்சம் ஈரமாக இருப்பது இதனால்தான். வலைக்கூண்டில் காற்று தாராளமாக வந்துபோகும். தெளித்த ஈரம் சீக்கிரமே காய்ந்துவிடும். அந்த வறட்சியைத் தணிப்பது செடியும் அதன் ஈர மண்ணும். இரவில் குளிர்ந்த காற்றில் பனிமூட்டம் போட்டு, பகலில் கூண்டை உலரவிடும் முறை இப்போது பரவலாகியிருக்கிறது. காட்டில் பச்சோந்திகளின் வாழ்வைப் பல ஆண்டுகள் கவனித்த செக் நாட்டு ஆய்வாளர் பெட்ர் நெச்சாஸ் போன்றவர்கள் இதை வலியுறுத்தினார்கள். காட்டில் நடப்பதும் அதுதான். இரவில் மூடுபனி, விடியலில் இலை நிறைய நீர், பிறகு வெயில். இந்தச் சுழற்சி கூண்டில் நடக்கவும் இலைகள் வேண்டும்.

ஏமன் பச்சோந்தியைப் பாலைவன விலங்கு என்று நினைத்து வறண்ட கூண்டில் வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தலையில் உயர்ந்த கொண்டை கொண்ட இந்த இனம், உலகில் மிகப் பரவலாக வளர்க்கப்படும் பச்சோந்திகளில் ஒன்று. ஏமனின் தென்மேற்கு மலைகளும் அதை ஒட்டிய சவூதிப் பகுதியும் அதன் தாயகம். இப், தாயிஸ் நகரங்களின் பக்கத்து மலைச்சரிவுகளில் பருவமழை பெய்கிறது. படிக்கட்டு வயல்களில் பயிர் விளைகிறது. அரேபியா என்ற பெயரைக் கேட்டதும் மனதில் மணல் விரிந்தால், அதற்கான தண்டனையை அனுபவிப்பது கூண்டிலிருக்கும் பச்சோந்திதான்.

அடுத்தது மறைவிடம். பச்சோந்தி எங்கே இருக்கிறதோ அந்த நிறத்துக்கு மாறி மறைந்துவிடும் என்று பள்ளிப் பருவத்திலிருந்தே சொல்லிக் கேட்டிருக்கிறோம். ஆனால் அதன் நிறமாற்றம் பெரும்பாலும் மற்றப் பச்சோந்திகளுக்கான பேச்சு. எதிரியை மிரட்டுவதற்கும் துணையைக் கவர்வதற்கும் அது பயன்படுகிறது. உடல் வெப்பத்தைச் சரிசெய்யவும் உதவுகிறது. 2015இல் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாந்தர் பச்சோந்தி என்ற இனத்தின் தோலை ஆராய்ந்து, குவானின் நுண்படிகங்களுக்கு இடையிலான இடைவெளி மாறும்போது நிறம் மாறுவதை விளக்கினார்கள். அமைதியாக இருக்கும்போது பச்சை. சினந்தால் மஞ்சளும் ஆரஞ்சும். ஆகவே வெள்ளைச் சுவர் முன்னே வைத்தால் அது வெள்ளையாகி ஒளிந்துகொள்ளாது. அதன் பச்சை உதவுவது பச்சை இலைகளுக்கு நடுவில் இருக்கும்போது மட்டுமே.

ஆபத்து என்று தோன்றினால் பச்சோந்தி ஓடுவதில்லை. வேகமாக ஓட அதற்கு உடலமைப்பும் இல்லை. கிளையின் மறுபக்கம் நகர்ந்து, உடலைத் தட்டையாக்கி, தனக்கும் பார்ப்பவருக்கும் நடுவில் கிளையை நிறுத்திக்கொள்ளும். காற்றில் ஆடும் இலையைப் போல முன்னும் பின்னும் அசைந்து நடக்கும். தனித்தனியே சுழலும் இரு கண்களும் சுற்றுப்புறம் முழுவதையும் பார்த்தபடி இருக்கும். அப்படிப்பட்ட விலங்கை நான்கு குச்சிகளும் ஒரு விளக்கும் மட்டும் உள்ள கூண்டில் வைத்தால், வீட்டில் நடமாடும் ஒவ்வொருவரும் அதற்கு வேட்டையாடிதான். நிறம் கறுத்து, இரையைத் தொடாமல், வலையைப் பற்றி ஏறி இறங்கியபடியே இருக்கும். வளர்ப்பவர் அதைக் கோபக்கார விலங்கு என்று சொல்லிவிடுவார். இலை அடர்ந்த செடி ஒன்றை வைத்துப் பாருங்கள். அது நினைத்தால் வெளியே வரும், நினைத்தால் உள்ளே போகும். பார்க்க வருபவருக்குச் சில வேளை அது கண்ணில் படாமல் போகலாம். கூண்டு சரியாக இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

வெயில் விஷயமும் இப்படித்தான். பச்சோந்திக்குப் புற ஊதா பி ஒளி வேண்டும். அது இல்லாவிட்டால் வைட்டமின் டி3 உருவாகாது, எலும்பு வலுவிழந்து வளையும். அளவு மிஞ்சினால் அதுவும் கேடு. எவ்வளவு போதும் என்பதைப் பச்சோந்தியே அறிந்து நடக்கிறது என்று 2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. உணவில் டி3 குறைவாகக் கிடைத்த பாந்தர் பச்சோந்திகள் புற ஊதா ஒளியை அதிகம் நாடின. உணவிலேயே போதுமான அளவு பெற்றவை அதைக் குறைத்துக்கொண்டன. ஆனால் அப்படிக் கூட்டவும் குறைக்கவும் நிழல் வேண்டுமே! விளக்கின் கீழே ஒரு கிளை 30 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் இருக்கட்டும். அங்கிருந்து இரண்டு எட்டு வைத்தால் அரை நிழல், இன்னும் கீழே போனால் முழு நிழலும் குளிர்ச்சியும் என்று இலைகள் படிப்படியாக இடம் அமைத்துத் தரும். எந்தக் கருவியும் செய்து தராத ஏற்பாடு இது.

தூக்கத்துக்கும் செடியைத்தான் அது நம்புகிறது. மடகாஸ்கரில் பச்சோந்திகளைக் கணக்கெடுக்கும் ஆய்வாளர்கள் இரவில் டார்ச் விளக்குடன் போவார்கள். உறங்கும் பச்சோந்தியின் உடல் வெளிறியிருப்பதால் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். பெரும்பாலும் மெல்லிய கிளைகளின் நுனியில்தான் அவை உறங்கும். பாம்பு ஏறி வந்தால் கிளை அதிரும், உடனே விழித்துக்கொள்ளலாம். தடித்த கட்டைகளை மட்டும் வைத்த கூண்டில் அந்த நிம்மதி கிடைக்காது.

சரி, எந்தச் செடி? நம் வீடுகளில் பாட்டிலில்கூட வளரும் மணி பிளாண்ட்தான் உலகெங்கும் பச்சோந்தி வளர்ப்பவர்களின் முதல் தேர்வு. அகன்ற இலை, குறைந்த வெளிச்சத்திலும் வளரும் குணம், ஒடித்தாலும் துளிர்க்கும் பிடிவாதம் எல்லாம் அதற்கு உண்டு. அதன் சாற்றில் கால்சியம் ஆக்சலேட் இருக்கிறது; ஆனாலும் ஏமன் பச்சோந்திகள் அதைக் கடித்துவிட்டு நலமாக இருப்பதாகவே வளர்ப்பவர்களின் நீண்ட அனுபவம் சொல்கிறது. சிறிய மரம்போல் கிளைவிடும் ஃபைகஸ் பெஞ்சமினா ஏறுவதற்கு நல்லது. ஒடித்தால் வடியும் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குடைபோல் இலை விரிக்கும் ஷெஃப்லெராவும் நன்கு தாங்கும். செம்பருத்தி இன்னும் விசேஷம். வளர்ந்த ஏமன் பச்சோந்தி பூச்சியோடு இலையும் தின்னும் இனம். செம்பருத்தியின் இலையையும் பூவையும் விரும்பித் தின்னும்.

இந்தப் பழக்கம்தான் பிளாஸ்டிக் செடிக்கு எதிரான வலுவான வாதம். பிளாஸ்டிக் இலையைக் கடித்து விழுங்கினால் அது குடலில் அடைத்துக்கொள்ளும். ஆனால் நிஜச் செடிகளிலும் அரளியைக் கூண்டுக்குப் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது. அதன் எல்லாப் பாகங்களும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. சைக்கஸ், டைஃபன்பேக்கியா, பால் வடியும் கள்ளி வகைகள் ஆகியவற்றையும் தவிர்த்துவிட வேண்டும்.

பலர் கோட்டை விடும் இடம் நர்சரி. அங்கே செடிகளுக்கு இமிடாகுளோபிரிட் போன்ற ஊடுருவும் பூச்சிக்கொல்லிகள் போடுவது உண்டு. இவை வேர் வழியாக ஏறிச் சாற்றில் கலந்துவிடும். இலையை எத்தனை முறை கழுவினாலும் போகாது. பல வாரங்கள், சில செடிகளில் பல மாதங்கள்கூட நிற்கும். கூண்டில் விடும் சுவர்க்கோழியும் வெட்டுக்கிளியும் அந்த இலையைக் கொறிக்கும். பச்சோந்தி அவற்றைத் தின்னும். அதனால் மருந்தடிக்காத செடியைத் தேடுவது நல்லது. தெரிந்தவர் வீட்டில் வெட்டிய மணி பிளாண்ட் கொடியும் செம்பருத்திக் குச்சியும் இதற்கு மிகச் சிறந்தவை. கடையில் வாங்கியே ஆகவேண்டும் என்றால், மண்ணை உதறி, உர உருண்டைகளையும் வெள்ளைப் பெர்லைட் துகள்களையும் அகற்றி, புதுமண்ணில் நட்டுச் சில மாதம் வெளியே வளர்க்க வேண்டும். தொட்டியின் மேல் பச்சோந்தியின் வாயில் நுழையாத பெரிய கூழாங்கற்களைப் பரப்பிவிட்டால், இரையோடு சேர்த்து மண்ணை நாக்கு இழுத்துவிடும் ஆபத்தும் குறையும்.

செடியும் ஓர் உயிர், அதற்கும் தேவைகள் உண்டு. புற ஊதா விளக்கின் வெளிச்சம் மட்டும் அதற்குப் போதாது. பிரகாசமான வெள்ளை எல்.இ.டி. விளக்கு ஒன்று தனியாக வேண்டும். ஆண் ஏமன் பச்சோந்தி வாலோடு அரை மீட்டர் வளரும். இளங்கிளை அந்த எடையைத் தாங்காது. ஆகவே நடப்பதற்கு மரக்கிளைகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, செடியை அவற்றைச் சுற்றிப் படரவிட வேண்டும். செடிகளை இரண்டு தொகுதியாக வைத்துக்கொண்டு, ஒன்று கூண்டுக்குள் இருக்கும்போது மற்றது வெளியே வெயிலில் தேறும்படி மாற்றி மாற்றி வைப்பது எளிய வழி. பெண் பச்சோந்தி இருந்தால் முட்டையிடத் தோண்டுவதற்கு ஈர மணல் நிரப்பிய ஆழமான தொட்டியும் கட்டாயம் வேண்டும். ஆணோடு சேராமலேயே ஏமன் பெண் முட்டையிடும்; தோண்ட இடம் கிடைக்காவிட்டால் முட்டைகளை உள்ளேயே அடக்கி வைத்து இறந்தும் போகலாம்.

செடிகளுக்கு நடுவே பச்சோந்தியை வாழவிடும் எண்ணத்தைப் பெரிய அளவில் செய்து காட்டியது சூரிக் உயிரியல் பூங்கா. 2003இல் திறக்கப்பட்ட அதன் மசோவாலா அரங்கம், சுமார் 11,000 சதுர மீட்டர் கூரையின் கீழ் மடகாஸ்கர் மழைக்காட்டை வளர்த்திருக்கிறது. பாந்தர் பச்சோந்திகள் அங்கே கூண்டின்றிச் செடிகளில் திரிகின்றன. பார்வையாளர்கள்தான் இலைகளுக்குள் அவற்றைத் தேட வேண்டும்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். நம் புதர்க்காடுகளிலும் வேலியோரங்களிலும் வாழும் இந்தியப் பச்சோந்தியை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். அதற்கு விஷமும் கிடையாது. கண்டதும் கல்லெறிய ஒரு காரணமும் இல்லை. பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனங்களை வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்று அதே சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. நம் ஊர்ப் பச்சோந்திமேல் ஆசை இருப்பவர்கள் தோட்டத்தின் ஓரத்தில் ஒரு புதர்வேலியை வெட்டாமல் விட்டால் போதும்.

வளர்க்கச் சட்டம் இடம் தரும் ஊர்களில் இருப்பவர்கள் வாங்கும் வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். இப்போது பெரும்பாலும் பச்சோந்தி முதலில் வருகிறது, கூண்டு அவசரமாக வருகிறது, செடி கடைசியில் அலங்காரமாக வருகிறது. கூண்டும் விளக்கும் செடியும் முதலில் வரட்டும். தெளிப்பான் எத்தனை முறை ஓட வேண்டும், காலையில் இலை எப்போது உலர்கிறது, எந்தக் கிளையில் எவ்வளவு சூடு என்பதையெல்லாம் ஒரு மாதமாவது பச்சோந்தி இல்லாத கூண்டிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். வேர் அழுகினாலும் இலை கருகினாலும் அந்த மாதத்திலேயே தெரிந்துவிடும். திருத்தவும் நேரம் இருக்கும். செடி புதுத் துளிர் விட்ட பிறகு பச்சோந்திக்குப் பணம் கட்டுங்கள்.