வேகக் கடவுளுக்குக் காணிக்கை

ஒரு சாமானைக் கண்டால் அது என்ன வேலை செய்கிறது என்று கேட்பதற்கு முன்னால், அது எங்கே பிறந்தது, யார் செய்தது என்று கேட்கிற வழக்கம் நம்மவர்களிடம் வெகு காலமாக இருந்து வருகிறது. மனிதனைக் கண்டால் என்ன குலம் என்று கேட்டுப் பழகிய வாய், இயந்திரத்தைக் கண்டாலும் அதே கேள்வியைத்தான் கேட்கும் போலும்! பெரிய கம்பெனியின் முத்திரை இருந்தால் அது நல்ல வண்டி. ஒருவன் தன் வீட்டுக் கொட்டகையில் பழைய உறுப்புகளை ஒன்று சேர்த்துக் கட்டினான் என்றால் அது காயலான் கடைச் சரக்கு; கட்டினவனோ வேலையற்றவன். இதுதான் பொதுஜனத் தீர்ப்பு. இந்தத் தீர்ப்பு அறிவுக்குப் பொருந்துமா என்பதை ஒரு மோட்டார் சைக்கிளைக் கொண்டே இன்று ஆராய்ந்து பார்ப்போம்.

நியூசிலாந்து தேசத்தின் தென் கோடியில் இன்வர்கார்கில் என்று ஓர் ஊர் உண்டு. அங்கே பர்ட் மன்ரோ என்று ஒருவர் வாழ்ந்தார். 1899-ல் பிறந்தவர். 1920-ல் 'இந்தியன் ஸ்கவுட்' என்னும் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். இந்தியன் என்றவுடன் நமது நாட்டுச் சரக்கு என்று யாரும் பூரித்துப் போக வேண்டியதில்லை. அது அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் செய்யப்பட்டது. அந்நாட்டுப் பழங்குடி மக்களைக் குறித்து வைத்த பெயர் அது. அந்த வண்டி 600 சி.சி. இஞ்சின் கொண்டது. மணிக்கு 55 மைல் போகும். அதற்கு மேல் போகாது.

மற்றவர்களாயிருந்தால் ஐந்தாறு வருஷம் ஓட்டிவிட்டு, விற்றுவிட்டு, வேறு வண்டி வாங்கியிருப்பார்கள். மன்ரோ அப்படிச் செய்யவில்லை. 1926 முதல் அந்த வண்டியைப் பிரித்துப் பிரித்துத் திருத்தத் தொடங்கினார். பகலில் மோட்டார் சைக்கிள் கடையில் விற்பனை வேலை. இரவில் கொட்டகையில் இந்த வேலை. கையில் பணமில்லை. கம்பெனியிலிருந்து உறுப்புகள் வரவழைக்க வழியில்லை. ஆகவே பழைய இரும்பையும் உடைந்த உலோகத்தையும் பொறுக்கி வந்து, உருக்கி, பழைய தகர டப்பாக்களில் வார்த்து உறுப்புகளைச் செய்தார். பிஸ்டன், சிலிண்டர், சுழற்சிச் சக்கரம் எல்லாம் அவர் கைச் செய்கையே. நுண்ணிய அளவு பார்க்கும் கருவியாக அவர் வைத்திருந்தது பழைய சக்கரத்து ஸ்போக்ஸ் கம்பி ஒன்று. இப்படியே 600 சி.சி. இஞ்சின் 950 சி.சி. வரைக்கும் வளர்ந்துவிட்டது.

இந்தக் கொட்டகையில் இருந்த ஒரு அலமாரிப் பலகைதான் நாம் முக்கியமாய்ச் சொல்ல வந்த சங்கதி. அதில் உடைந்த பிஸ்டன்களும், வெடித்த சிலிண்டர்களும், வளைந்த தண்டுகளும் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவற்றுக்கு மேலே 'வேகக் கடவுளுக்குக் காணிக்கைகள்' என்று மன்ரோ வேடிக்கையாக எழுதி வைத்திருந்தார்!

தோழர்களே, இந்தக் காணிக்கைக்கும் நாம் தினம் பார்க்கிற காணிக்கைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சற்றுக் கவனியுங்கள். உண்டியலில் போட்ட காசு என்ன ஆயிற்று என்று போட்டவன் கேட்பதில்லை. கேட்டால் பாவம் என்பார்கள். பலன் வந்தால் கடவுள் கொடுத்தார். வராவிட்டால் நம் தலைவிதி. இந்த இரண்டு பதிலைத் தவிர மூன்றாவது பதில் அங்கே கிடையாது. மன்ரோவின் கடவுளோ ஒன்றும் கொடுக்காத கடவுள். கொடுக்காது என்பது மன்ரோவுக்கும் தெரியும். ஆகவே உடைந்த ஒவ்வொரு உறுப்பையும் கையிலெடுத்து, ஏன் உடைந்தாய் என்று அதனையே கேட்டார். உறுப்பும் ஒளிக்காமல் பதில் சொல்லிற்று.

என்ன பதில் என்பீர்கள். பிஸ்டன் என்பது சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடுகிற உறுப்பு. பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. உள்ளே பெட்ரோல் ஆவி எரிகிற சூட்டில் உலோகம் விரியும். அலுமினியம் இரும்பைவிடச் சுமார் இரண்டு பங்கு அதிகமாய் விரியும். ஆகவே பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இடைவெளி குறைவாக விட்டால், சூடு ஏறியதும் பிஸ்டன் கவ்விப் பிடித்துக்கொண்டு இஞ்சின் பாதி வழியில் நின்றுவிடும். இடைவெளி அதிகமானால் அழுத்தம் பக்கவாட்டில் கசிந்து வீணாகும். எவ்வளவு விட வேண்டும் என்பது தலைமயிர்க் கனத்தைவிடச் சிறிய கணக்கு. இந்தக் கணக்கை நல்ல நேரம் பார்த்துப் பூட்டுவதால் பெற முடியுமா? எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்குவதால் பெற முடியுமா? உடைந்த பிஸ்டனில் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் கருகியிருக்கிறது என்று பார்த்து, அடுத்ததை அதற்குத் தக்கபடி செய்வதைத் தவிர வேறு வழியே இல்லை.

இதன் பலன் என்ன ஆயிற்று? அமெரிக்காவில் யூட்டா மாகாணத்தில் பான்வில் என்னும் உப்புப் பாலைவனம் இருக்கிறது. தரை பலகை போல் சமமாய் இருப்பதால் வண்டிகளின் வேகத்தை அங்கே சோதிப்பார்கள். 1962-ல் மன்ரோ தமது வண்டியைக் கப்பலேற்றிக் கொண்டு போனார். அந்த வருஷமே மணிக்கு 178.971 மைல் ஓட்டிச் சாதனை செய்தார். 1967-ல் 1000 சி.சி.க்கு உட்பட்ட வகுப்பில் 183.586 மைல். அப்போது ஓட்டினவருக்கு வயது 68. வண்டிக்கு வயது 47. 55 மைலுக்கு மேல் போகாது என்று பிறந்த வண்டி, அதைப்போல் மூன்று மடங்குக்கும் அதிகமாய்ப் போயிற்று.

அங்கே அளக்கும் முறையையும் பாருங்கள். வண்டி ஒரு திசையில் ஓடினால் போதாது. திரும்பி எதிர்த் திசையிலும் ஓட வேண்டும். காற்று ஒரு பக்கம் தள்ளினால் மறு பக்கம் தடுக்குமல்லவா? ஆகவே இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுப்பார்கள். ஓட்டினவர் யார், எந்தத் தேசத்தார், வண்டி எந்தக் கம்பெனி, எந்தக் கொட்டகை என்பது கணக்கில் வராது. தூரமும் நேரமுந்தான் சாட்சி. இன்னொன்றும் நடந்தது. மன்ரோ 1978-ல் காலமானார். 1967-ல் போட்ட சராசரிக் கணக்கில் பிசகு இருப்பதை அவருடைய மகன் பிற்பாடு கண்டுபிடித்துச் சொல்ல, 2014-ல் அந்தச் சாதனை 184.087 மைல் என்று திருத்தி எழுதப்பட்டது. 47 வருஷங்களுக்குப் பின்னும், பெரியவர்கள் அன்றே எழுதிவிட்டார்கள், இனி அதைத் தொடலாமா என்று ஒருவரும் சொல்லவில்லை. கூட்டிப் பார்த்தார்கள்; பிசகு தெரிந்தது; திருத்தினார்கள். சாஸ்திரம் எழுதி வைத்தவர்களுக்கும் கணக்கு எழுதி வைத்தவர்களுக்கும் உள்ள பேதம் இதுதான்.

நிற்க, இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிலர், 'அவன் பிறவி மேதாவி, நமக்கு வருமா?' என்பார்கள். இது சோம்பேறித்தனத்துக்குப் பட்டுச் சட்டை போடுகிற பேச்சு. நாற்பது வருஷம் இரவு விழித்து, எத்தனையோ முறை விழுந்து, சூடுபட்டு வந்த வித்தைக்குப் பிறவி என்று பெயர் வைத்தால், உழைத்தவனுக்கு என்ன மிச்சம்? ஜப்பானில் ஹமமட்சு ஊர் சோய்ச்சிரோ ஹோண்டா எந்தப் பட்டமும் பெற்றவரல்லர். 1946-ல், யுத்தம் முடிந்த பிறகு, பட்டாளத்து வயர்லெஸ் கருவிகளுக்கு மின்சாரம் தந்துவந்த சிறு இஞ்சின்களை வாங்கி, சாதாரண சைக்கிளில் பூட்டினார். முதல் வண்டிக்குப் பெட்ரோல் தொட்டியாய் அமைந்தது வீட்டிலிருந்த ஒரு வெந்நீர்க் குடுவை! அப்படிக் கிடைத்த சுமார் 500 இஞ்சினும் தீர்ந்த பிறகு, 1947-ல் தாமே இஞ்சின் செய்தார். 1948-ல் கம்பெனி வைத்தார். இன்று எந்தப் பெயரைக் கண்டதும் 'இது நல்ல வண்டி' என்கிறோமோ, அந்தப் பெயரே ஒரு பழைய உறுப்புக் கொட்டகையில் பிறந்ததுதான்.

நமது கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுவும் பள்ளிப் படிப்பைச் சிறு வயதிலேயே விட்டவர்தாம். ஒரு வெள்ளைக்கார உத்தியோகஸ்தரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து, அந்த வண்டியையே வாங்கி, கழற்றிப் பூட்டிப் பழகித்தான் இயந்திர வித்தையில் காலடி வைத்தார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டவரும் அவரே.

இன்னும் சிலர், 'வீட்டில் கட்டின வண்டி ஆபத்தானது. பிரேக் பிடிக்காவிட்டால் யார் பொறுப்பு?' என்று கேட்பார்கள். இந்தக் கேள்வி நியாயமானதுதான். தன்னுடைய சாமர்த்தியத்தை நம்பி மற்றவன் உயிரோடு விளையாட ஒருவனுக்கும் உரிமையில்லை. ஆனால், பிரேக் பிடிக்குமா என்பதற்கு விடை பரிசோதனையில் இருக்கிறதா, முத்திரையில் இருக்கிறதா? பிரிட்டனில் 2003 முதல் தனி மோட்டார் சைக்கிள்களுக்கென்று ஒரு பரீட்சை வைத்திருக்கிறார்கள். வீட்டில் கட்டினவன் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் பிரேக், விளக்கு, சத்தம் எல்லாவற்றையும் சோதித்துத் தேறினால் சான்று கொடுக்கிறார்கள். அதை வைத்து வண்டியைப் பதியலாம். தேறாவிட்டால் திருத்திக் கொண்டுவரச் சொல்லுகிறார்கள். இது அறிவுள்ள ஏற்பாடு.

நமது நாட்டிலோ 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரித்த கம்பெனி குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதிப்படுத்திற்று. புது வண்டியைப் பதிவு செய்யத் தயாரிப்பாளரின் சாலைத் தகுதிச் சான்று வேண்டும். கொட்டகையில் கட்டினவனுக்கு எந்தத் தயாரிப்பாளர் சான்று கொடுப்பார்? கண்டபடி மாற்றிப் பெருஞ்சத்தத்தோடு தெருவில் பறப்பவர்களை அடக்கச் சட்டம் வேண்டியதுதான். அதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் ஒழுங்காய்க் கட்டினவனும், 'என் வண்டியைச் சோதித்துப் பாருங்கள்' என்று கேட்க ஒரு வாசல் வேண்டாமா? பிறப்புச் சீட்டைக் கேட்கும் சட்டம் தகுதிச் சோதனையையும் கேட்கட்டும் என்றுதான் சொல்லுகிறோம். அந்த வாசல் திறக்கிற வரையில், கட்டின வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டாதிருப்பதே முறை.

ஆனால் கழற்றுவதற்கும் பூட்டுவதற்கும் கற்பதற்கும் எந்தச் சட்டமும் தடையில்லை. தடையாயிருப்பது நமது மனந்தான். வீட்டில் பையன் பழைய இஞ்சினைப் பிரித்தால் அடிக்கிறோம். பெண் பிரித்தாலோ சிரிக்கிறோம். பட்டறையில் எண்ணெய்க் கறையோடு நிற்பவனை 'ஏய்' என்று கூப்பிடுகிறோம். அவன் பழுது பார்த்த வண்டியின் மேல் உயிரை நம்பி உட்கார்ந்துகொள்கிறோம். இதைவிடப் பெரிய நன்றிகெட்டதனம் வேறென்ன இருக்க முடியும்?

ஆகையால் தோழர்கள் தங்கள் ஊர்களில் வாசகசாலை வைப்பது போலவே, ஒரு சிறு பட்டறையும் வைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம். ஓடாத பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று, ஸ்பானர் சில, அரம் ஒன்று, ஒரு நல்ல பலகை, இவை போதும். வேலை தெரிந்த மெக்கானிக் ஒருவரை மரியாதையோடு அழைத்து ஆசிரியராய் உட்கார வையுங்கள். ஆண், பெண், இன்ன தெரு, அன்ன தெரு என்ற பேதமின்றிப் பிள்ளைகள் கழற்றட்டும், பூட்டட்டும், உடைக்கட்டும். உடைந்ததை எறிந்துவிடாமல் பலகையில் வரிசையாய் அடுக்கி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது ஏன் உடைந்தது என்று ஒரு சீட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.