கறுப்பில் ஒளிந்த எழுத்து

ராத்திரி ஒன்பது மணி. மாத்திரை நேரத்தை நினைவூட்டும் ஆப் 'டிங்' என்று சத்தம் போடுகிறது. பாட்டி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு போனை எடுக்கிறார். திரை முழுக்கக் கறுப்பு. எந்த மாத்திரை, எத்தனை என்று சொல்லும் வரியை மட்டும் காணோம்.

"டேய் கண்ணா, இதுல ஒண்ணுமே தெரியலையேடா. நாளைக்குக் கண் டாக்டர்கிட்ட போகணும்போல."

பேரன் வாங்கிப் பார்க்கிறான். எழுத்து இருக்கிறது. கறுப்புப் பின்னணியில், கரும்சாம்பல் நிறத்தில் ஒளிந்துகொண்டிருக்கிறது. "உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு பாட்டி. கோளாறு ஆப்புலதான்!"

பகலில் பளிச்சென்று தெரிந்த எழுத்து ராத்திரியில் எங்கே போனது?

2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10, போன் முழுவதையும் இருட்டு நிறத்துக்கு மாற்றும் 'டார்க் தீம்' வசதியைக் கொண்டுவந்தது. அதே வருடம் ஐஓஎஸ் 13 மூலம் ஐபோனுக்கும் அது வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஆப்புக்கும் இரண்டு உடுப்பு தேவை: பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று.

இதற்கு ஆண்ட்ராய்டில் நல்ல ஏற்பாடு உண்டு. நிறங்களை ஒரே கோப்பில் பெயரிட்டு வைக்கலாம், அஞ்சறைப்பெட்டி மாதிரி. 'எழுத்து நிறம்' என்ற பெயருக்குப் பகல் பெட்டியில் கறுப்பு, இரவுப் பெட்டியில் வெள்ளை. நேரத்துக்கு ஏற்ற பெட்டியைப் போனே திறந்துகொள்ளும். ஆனால் அவசரத்தில் இருக்கும் புரோகிராமர், பெயரைச் சொல்லாமல் நிறத்தின் எண்ணை நேரடியாகத் திரையிலேயே எழுதிவிட்டால்? பின்னணி மட்டும் கறுப்பாக மாறும். எழுத்து பகல் உடுப்பிலேயே நிற்கும். பாட்டிக்கு நேர்ந்தது இதுதான்.

இந்த மாதிரித் தவறுகளைப் பிடிக்க ஒரு காவல்காரன் உண்டு. பெயர் 'லின்ட்'. துணியில் ஒட்டும் பஞ்சுத் தூசிக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். 1978-ல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன், சி மொழி புரோகிராம்களைச் சோதிக்க முதல் லின்ட்டை எழுதினார். ஆண்ட்ராய்டுக்கும் அதே பெயரில் ஒரு சோதனைக் கருவி இருக்கிறது. அது ஆப்பை ஓடவிட்டுப் பார்ப்பதில்லை. எழுதிய வரிகளையே படித்துக் குற்றம் கண்டுபிடிக்கும். அரிசியை உலையில் போடும் முன் முறத்தில் பரப்பிக் கல் பொறுக்குகிறோமே, அந்த வேலை!

நிற விஷயத்தில் அது பொறுக்கும் கற்கள் சில:

பெட்டியில் உள்ள ஒவ்வொரு நிறத்துக்கும் உள்ளே ஓர் அடையாள எண் உண்டு. நிறத்தைக் கேட்கும் இடத்தில் அந்த அடையாள எண்ணைக் கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. பிரஷர் எவ்வளவு என்று டாக்டர் கேட்க, டோக்கன் நம்பரைச் சொல்வதுபோல. இரண்டுமே எண்கள்தான் என்பதால் கணினி தடுக்காது. திரையில் பெரும்பாலும் பாதி ஒளி ஊடுருவும் ஒரு மங்கல் கறுப்பு வந்து உட்காரும். லின்ட் இதைக் கண்டுபிடித்து எச்சரிக்கும்.

இரவுப் பெட்டியில் மட்டும் ஒரு நிறத்தை வைத்து, பகல் பெட்டியில் மறந்துவிட்டால் ஆப் பகலில் அப்படியே நின்றுபோகும். அதையும் சொல்லும். யாரும் தொடாமல் கிடக்கும் நிறங்களையும் காட்டிக்கொடுக்கும். 'நிற எண்ணை நேரடியாக எழுதாதே' என்று புரோகிராமர்கள் தாங்களே ஒரு விதி எழுதி லின்ட்டில் சேர்க்கவும் முடியும். அந்த ஒரு விதி இருந்திருந்தால் பாட்டியின் வரி மறைந்திருக்காது.

ஆனால் லின்ட் மட்டும் போதாது. நிறம் சரியான பெட்டியிலிருந்து வந்தாலும் எழுத்து மங்கலாக இருக்கலாம். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்கிறது உலக அளவில் பின்பற்றப்படும் அணுகல் வழிகாட்டி. வெள்ளைப் பின்னணியில் #767676 என்ற சாம்பல் நிறம் 4.54 பெற்றுத் தேறிவிடும். அடுத்த படியான #777777, 4.48-ல் தோற்றுவிடும். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்! அதனால்தான் ஓடும் திரையை அளந்து சொல்லும் கூகுளின் 'அக்சசிபிலிட்டி ஸ்கேனர்' போன்ற கருவிகளும் தேவைப்படுகின்றன.

இவ்வளவு இருந்தும் தவறு ஏன் தப்பிக்கிறது? பழைய எச்சரிக்கைகளை ஒரு கோப்பில் ஒதுக்கி, 'இவற்றை இனிக் காட்டாதே' என்று சொல்லவும் லின்ட்டில் வழி உண்டு. 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒதுக்கியவை அங்கேயே தூங்கும். அலுவலகத்தில் அது ஒரு மஞ்சள் எச்சரிக்கை. ஒரு வீட்டில் அது தவறிப்போன ஒரு வேளை மாத்திரை.

பேரன் இப்போதைக்கு டார்க் தீமை அணைத்தான். பல ஆண்ட்ராய்டு போன்களில் அக்சசிபிலிட்டி பகுதியில் எழுத்தை எடுப்பாகக் காட்டும் வசதி உண்டு. அதையும் போட்டுக் கொடுத்தான். பிறகு, மறைந்த எழுத்தைப் படம் பிடித்து ஆப் தயாரித்தவர்களுக்கே அனுப்பிவைத்தான்.

"இப்பத் தெரியுதா பாட்டி?"

"நல்லாத் தெரியுதுடா. வெள்ளை மாத்திரை ஒண்ணு, சாப்பாட்டுக்கு அப்புறம்."