மாவு பொங்கும் வரை



விடுமுறைக்கு வந்திருந்த நம் பங்கின் கல்லூரி மாணவி ஒருத்தி, அண்மையில் தன் தாயுடன் நம்மைக் காண வந்தாள். அவள் கையில் ஒரு பொட்டலம். பிரித்தோம், முழங்கை நீளத்தில் ஒரு ரொட்டி இருந்தது. "பிரெஞ்சு ரொட்டி சாமி, வீட்டில் நானே சுட்டேன்" என்றாள். "இதை வைத்துத் தேங்காய் உடைக்கலாம் சாமி" என்றார் தாய். மகளின் கண்கள் கலங்கிவிட்டன. மூன்று முறை முயன்றும் இப்படியே வந்ததாம். இனி மாவைத் தொடுவதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

நாம் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு நமக்கு உரிமையும் இல்லை. அதன் காரணத்தைப் பின்னர் கூறுவோம்.

பிரான்சு நாட்டார் 'பகெத்' என்றழைக்கும் இந்த ரொட்டியின் பெயருக்குக் கோல் என்பது பொருள். ஏறக்குறைய 65 சென்டிமீட்டர் நீளம், 250 கிராம் எடை. மேல் ஓடு மொறுமொறுப்பாகவும், உள்ளே பெரிதும் சிறிதுமான துளைகளோடு மென்மையாகவும் இருக்க வேண்டும். இத்தனை சிறப்புக்கும் அதில் சேர்பவை நான்கே பொருள்கள்: கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட். வெண்ணெய் இல்லை, பால் இல்லை, சர்க்கரை இல்லை. ஏழை வீட்டிலும் கிடைக்கக்கூடிய பொருள்கள்தாம். ஆயினும் சுவை எங்கிருந்து வருகிறது? ஐந்தாவதாக ஒன்று உண்டு. அது கடையில் கிடைக்காது. அதுவே நேரம்.

பிசைந்த மாவுக்குள் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் மாவின் சர்க்கரையை உண்டு, கரியமில வாயுவை வெளிவிடுகிறது. அவ்வாயு மாவின் பசைத்தன்மையில் சிறைப்பட்டு மாவைப் பொங்கச் செய்கிறது. பொங்குவது மட்டுமே நோக்கமானால், ஈஸ்டை அள்ளிப் போட்டு ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துவிடலாம். ஆனால் ரொட்டிக்கு மணமும் சுவையும் தரும் பொருள்கள் மெல்ல மெல்லவே மாவில் உருவாகின்றன. விரைந்து பொங்கிய மாவு உருவத்தில் ரொட்டியாகும். வாயில் வெறும் பஞ்சாகும்.

இந்த உண்மையைப் பிரான்சு நாடே ஒருமுறை மறந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், இயந்திரங்கள் மாவை வெகு வேகமாகப் பிசையத் தொடங்கின. ஈஸ்ட் மிகுதியாயிற்று, காத்திருக்கும் நேரம் குறுகிற்று. ரொட்டி பருத்தது, வெளுத்தது, சுவையோ குன்றியது. பாரிசில் ரொட்டிக் கலை கற்பித்த பேராசிரியர் ரேமோன் கல்வெல் (1913–2005) இதைக் கண்டு வருந்தியவர். வேகமாகவும் நெடுநேரமும் பிசையும்போது காற்று மிகுதியாகக் கலந்து, மாவின் இயற்கை நிறத்தையும் சுவையையும் அழிக்கிறது என்று அவர் எடுத்துக் காட்டினார். 1974-ஆம் ஆண்டு அவர் ஓர் எளிய வழியை வகுத்தார்: மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து, சிறிது நேரம் சும்மா விட்டுவிடுங்கள், பிறகு மற்றவற்றைச் சேர்த்துப் பிசையுங்கள். அந்த ஓய்வு நேரத்தில் மாவு தானாகவே இணங்கிவிடும். பிசையும் வேலை குறையும்.

1993-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆம் நாள் பிரான்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. அதன்படி, 'பிரெஞ்சு மரபு ரொட்டி' என்னும் பெயரில் விற்கப்படும் ரொட்டியை எந்த நிலையிலும் உறைய வைத்தல் கூடாது. வேதிச் சேர்க்கைகளும் கூடா. 2022-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் பகெத் ரொட்டி செய்யும் கைத்திறனையும் அதைச் சார்ந்த பண்பாட்டையும் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

தெருவுக்குத் தெரு ரொட்டிக்கடை இருப்பதால் பிரெஞ்சு இல்லத்தரசிகள் இதை வீட்டில் சுடுவது அரிது. வீட்டு அடுப்பில் இதைச் செய்து காட்ட முனைந்தவர் ஜூலியா சைல்ட் என்னும் அமெரிக்கப் பெண்மணி. கல்வெலிடமே நேரில் பாடம் கேட்டார். அவரும் அவர் கணவரும் இரண்டாண்டு காலம் முயன்று, 284 பவுண்டு மாவைச் செலவிட்ட பின்னரே, 1970-இல் வெளிவந்த நூலில் அச்செய்முறையை எழுதினார். 284 பவுண்டு என்பது ஏறத்தாழ 129 கிலோ! மூன்று முறை தோற்ற நம் மாணவிக்கு இதைச் சொன்னபோதுதான் அவள் முகத்தில் சற்றே ஒளி தெரிந்தது.

செய்முறையை அவளுக்குச் சொன்னவாறே இங்கும் தருகிறோம். மைதா 500 கிராம், குளிர்ந்த தண்ணீர் 325 மில்லி லிட்டர் இரண்டையும் கலந்து, மூடி அரை மணி நேரம் வையுங்கள். பிறகு உப்பு 10 கிராம், உலர் ஈஸ்ட் அரைத் தேக்கரண்டி சேர்த்துப் பத்து நிமிடம் பிசையுங்கள். மாவு கையில் சற்று ஒட்டும். அஞ்சி மேலும் மாவைக் கொட்டாதீர்கள். ஒரு மணி நேரம் வெளியில் வைத்தபின், மூடிய பாத்திரத்தில் குளிர்பெட்டியில் இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். நம் ஊர் வெப்பத்தில் மாவு அவசரப்பட்டுப் பொங்கும். குளிர் அதன் வேகத்தைத் தணிக்கும்.

காலையில் மூன்றாகப் பிரித்து, கால் மணி நேரம் ஓய்வு கொடுத்து, நீளமாக உருட்டுங்கள். உங்கள் ஓவனின் அகலமே ரொட்டியின் நீளம். ஏறக்குறைய முக்கால் மணி நேரம் மீண்டும் பொங்கட்டும். பின் கூரிய பிளேடால் மேலே சாய்வாகக் கீறுங்கள். 240 டிகிரியில் நன்கு காய்ந்த ஓவனுக்குள், அடித்தட்டில் ஓர் இரும்புச் சட்டியை முன்னரே சூடாக்கி வைத்து, ரொட்டியை உள்ளே வைத்ததும் அச்சட்டியில் கொதிநீரைக் கவனமாக ஊற்றிக் கதவை மூடுங்கள். அந்த நீராவி, மேற்பரப்பு உடனே இறுகிவிடாமல் காத்து, ரொட்டி விரிய இடம் தரும். இருபது முதல் இருபத்தைந்து நிமிடத்தில் நன்கு சிவந்துவிடும். அடியில் தட்டினால் வெற்றுக்குடத்தின் ஓசை எழ வேண்டும். ஆறிய பின்னரே அறுக்க வேண்டும்.

இனி, நாம் சிரிக்காததன் காரணம். சில ஆண்டுகளுக்கு முன், விருந்தினர் வருவதை முன்னிட்டு, நாமும் இந்த ரொட்டியைச் சுட முனைந்தோம். மாலைக்குள் ஆக வேண்டும் என்ற அவசரம். மாவு விரைந்து பொங்கட்டும் என்று அடுப்பிலிருந்து இறக்கிய சுடுநீரையே ஊற்றினோம். மாவு அசையவே இல்லை. பழைய ஈஸ்டை வாங்கி வந்துவிட்டீர் என்று குசினியில் பல்லாண்டு பணிபுரியும் பெரியவரை விருந்தினர் முன்னிலையிலேயே கடிந்துகொண்டோம். அவர் தலைகுனிந்து நின்றார். ஒரு சொல்லும் பேசவில்லை.

ஏறக்குறைய 60 டிகிரிச் சூட்டில் ஈஸ்ட் மடிந்துவிடும் என்பதை ஒரு வாரம் கழித்து ஒரு நூலில் படித்தோம். அன்றிரவே குசினிக்குச் சென்றோம். "பிழை எம்முடையது, மன்னித்துவிடுங்கள்" என்றோம். அவர் பாத்திரம் துலக்கியபடியே, "தண்ணி கொதிச்சது எனக்கு அப்பவே தெரியும் சாமி. நீங்க அவசரத்துல இருந்தீங்க" என்றார். அன்று அவர் சொல்ல வாய் திறந்திருந்தாலும் நாம் கேட்டிருப்போமா?

நம் ஆண்டவர் இறையரசைப் புளிப்பு மாவுக்கு ஒப்பிட்டார். மூன்று மரக்கால் மாவில் அதைப் பொதித்து வைத்த பெண், மாவு முழுவதும் புளிக்கும்வரை காத்திருந்தாள் என்றே எண்ணுகிறோம். பிள்ளைகளின் படிப்பிலும், மருமகளின் சமையலிலும், முதியோரின் மெதுவான நடையிலும், சூட்டை ஏற்றினால் வேலை விரைவில் முடியும் என்று நாம் நம்புகிறோம். அப்படி ஊற்றிய சுடுநீரில் எது மடிந்தது என்பது உடனே நமக்குத் தெரிவதில்லை.

அந்த மாணவி போன ஞாயிறு மற்றொரு பொட்டலத்துடன் வந்தாள். ரொட்டி ஒரு பக்கம் சற்றே கருகியிருந்தது. ஆனால் பிட்டபோது உள்ளே துளைகள் தெரிந்தன. முதல் துண்டைக் குசினிக்கு அனுப்பினோம்.