கொல்லைக்கு வந்த சாரையைக் கொல்லத்தான் வேண்டுமா?



மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை நேரம். கொல்லையில் அவரைப் பந்தலுக்குக் கீழே சருகு சலசலக்கிறது. ஆள் உயரத்துக்கு ஒரு பாம்பு, பழுப்பும் மஞ்சளுமாக, விறகு அடுக்கை நோக்கி விரைந்து போகிறது. "பாம்பு! பாம்பு!" என்று ஒரு குரல். அவ்வளவுதான், நாலு வீட்டுக்காரர்கள் தடியும் மண்வெட்டியுமாக ஓடி வந்துவிடுகிறார்கள். கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அடித்தவருக்குப் பாராட்டு, பாம்புக்குப் பாலூற்றிக் குழி வெட்டிப் புதைப்பதும் உண்டு. கிராமத்தில் இருக்கும் உங்களில் பலர் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள்.

இப்படி அடிபடும் பாம்புகளில் மிகப் பல, சாரைப்பாம்புகள். சாரைக்கு நஞ்சு கிடையாது. அப்படியானால் நாம் யாரைக் கொன்றோம்? அதனால் நமக்குக் கிடைத்தது என்ன? இழந்தது என்ன? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எலியின் கணக்கு

சாரை ஏன் நம் கொல்லைக்கு வருகிறது? நம்மைக் கடிக்க அல்ல. எலியும் தவளையும் தேடி வருகிறது. நெல் மூட்டை இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்துக்குச் சாரை வரும். இது பகலில் இரை தேடும் பாம்பு. அதனால்தான் மற்றப் பாம்புகளைவிட அடிக்கடி நம் கண்ணில் படுகிறது, அடியும் படுகிறது.

ஒரு சோடி எலியை எடுத்துக்கொள்ளுங்கள். எலி சூல்கொண்டு ஏறத்தாழ மூன்று வாரத்தில் குட்டி போட்டுவிடும். அந்தக் குட்டிகள் இரண்டு, மூன்று மாதங்களில் தாமும் இனம் பெருக்கத் தயாராகிவிடும். எளிமைக்காக, ஒவ்வொரு சோடியும் மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான், அதுவும் ஆறு குட்டிதான் போடுகிறது என்று கொள்வோம். ஆறு குட்டி என்றால் மூன்று சோடி. தாய் தந்தையுடன் சேர்த்து நான்கு சோடி. அடுத்த மூன்று மாதத்தில் 16 சோடி. பிறகு 64. ஆண்டு முடிவில் 256 சோடி, அதாவது 512 எலிகள்! எல்லாக் குட்டிகளும் பிழைத்துக்கொண்டால் வரும் கணக்கு இது.

ஆனால் உங்கள் வீட்டில் 512 எலிகள் இல்லை. ஏன்? தீனியும் வளையும் எல்லா எலிக்கும் போதுமான அளவு கிடைப்பதில்லை. நோயிலும் சாகின்றன. எஞ்சியவற்றை இரவில் ஆந்தையும் கூகையும் பிடிக்கின்றன. பூனையும் கீரியும் பிடிக்கின்றன. ஆனால் எலி வளைக்குள்ளேயே நுழைந்து, குட்டிகளோடு சேர்த்து விழுங்கக்கூடிய உடலமைப்பு யாருக்கு இருக்கிறது? பாம்புக்குத்தான். கையும் காலும் இல்லாதது அதற்குக் குறையல்ல. அதுவே அதன் தொழிற்கருவி.

எலி நெல்லைத் தின்பதோடு நிற்பதில்லை. வரப்பைக் குடைகிறது. கதிரை அறுத்து வளைக்குள் சேர்த்து வைக்கிறது. அதன் சிறுநீர் கலந்த சேற்றிலும் தண்ணீரிலும் வெறுங்காலுடன் நடப்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரக்கூடும். இந்த எலியைக் கூலி கேட்காமல் பிடித்துத் தரும் உயிரைத்தான் நாம் தடி எடுத்து அடிக்கிறோம். எலி மருந்து வைத்தால் போதாதா என்று கேட்கலாம். எலிக்கு வைத்த நஞ்சு கோழிக்கும் நாய்க்கும், சில சமயம் வீட்டுக் குழந்தைக்கும் எட்டிவிடுகிறது என்பதை மறக்கக்கூடாது.

கதைகளும் உண்மையும்

சாரையைப் பற்றி ஊரில் வழங்கும் கதைகள் ஏராளம். ஒன்று, சாரைதான் ஆண், நல்லபாம்புதான் பெண் என்பது. இது தவறு. இரண்டும் வெவ்வேறு இனங்கள். சாரையிலும் ஆண் பெண் உண்டு; நல்லபாம்பிலும் உண்டு. இரண்டு பாம்புகள் முறுக்கிக்கொண்டு தலைதூக்கி ஆடுவதை "பிணையல்" என்று சொல்லித் துணி போடுவார்களே, அது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் மல்யுத்தம். எது வலியது என்று ஒன்றையொன்று தரையில் அழுத்திப் பார்க்கின்றன. தோற்றது விலகிப் போய்விடும்.

இன்னொரு கதை, மாட்டின் மடியில் வாய் வைத்துப் பால் குடிக்கும் என்பது. பாம்பின் வாயை எண்ணிப் பாருங்கள். ஊசி போன்ற பற்கள் உள்நோக்கி வளைந்திருக்கின்றன. உறிஞ்சுவதற்கு ஏற்ற உதடும் கன்னமும் அதற்கு இல்லை. அந்தப் பற்கள் மடியில் பட்டால் மாடு சும்மா நிற்குமா? மாட்டுக்கொட்டகைக்குப் பாம்பு போவது, வைக்கோலிலும் தவிட்டு மூட்டையிலும் இருக்கும் எலிக்காகத்தான்.

அடித்தவரை நினைவில் வைத்துப் பழி வாங்கும் என்பதும் கதையே. ஆள் முகம் பார்த்துக் கணக்குத் தீர்க்கும் அளவுக்குப் பாம்பின் மூளை வளர்ந்ததல்ல.

அச்சம் நியாயமானதே

"நீங்கள் எழுதிவிடுவீர்கள். எது சாரை, எது நல்லபாம்பு என்று அந்த அவசரத்தில் யார் பார்ப்பது? தெரியாமல் விட்டுவிட்டு, பிள்ளையைக் கடித்துவிட்டால்?"

இப்படி உங்கள் அம்மா கேட்கலாம். இது நியாயமான கேள்வி. சிரித்துத் தள்ளிவிடக் கூடியதல்ல. 2020-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வின்படி, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர். ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். இவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். கால் பங்குக்கு மேல் 15 வயதுக்கு உட்பட்டவர்கள்; அதாவது உங்கள் வயதும் அதற்குக் கீழும். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களில் ஒன்றாகச் சேர்த்தது. தமிழ்நாட்டில் 2024-இல், ஒவ்வொரு பாம்புக்கடியையும் மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி வந்தது.

ஆகவே பாம்பைக் கண்டு அஞ்சுவது மூடத்தனம் அல்ல. ஆனால் அந்த அச்சத்துக்குத் தடிதான் மருந்தா? இங்கேதான் நான் மாறுபடுகிறேன்.

இந்தியாவில் 300-க்கும் மேற்பட்ட பாம்பு இனங்கள் உள்ளன. உயிர் குடிக்கும் கடிகளில் பெரும்பாலானவை நான்கே இனங்களால் வருகின்றன: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். இவை எப்போது கடிக்கின்றன? இருட்டில் வரப்பில் நடக்கும் காலின் கீழ் மிதிபடும்போது. வைக்கோலிலும் விறகிலும் பார்க்காமல் கை விடும்போது. கட்டுவிரியன், தரையில் படுத்துத் தூங்குபவரை நள்ளிரவில் கடிக்கிறது. சில சமயம் கடி வலிக்காது, தடம்கூடத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, இமை சரிவு என்று தொடங்கும்போதுதான் தெரியவரும். இன்னொரு சந்தர்ப்பமும் உண்டு. பாம்பை அடிக்கவோ பிடிக்கவோ போகும்போது!

இவற்றில் எந்தக் கடியைத் தடி தடுத்தது? பகலில் கொல்லையில் ஓடிய சாரையைக் கொன்றதால், இரவில் பாய்க்கு அருகே வந்த கட்டுவிரியன் நின்றுவிடுமா? ஒரு பாம்பு போனாலும், எலியும் ஒளிவிடமும் இருக்கும் வரை அந்த இடத்துக்கு வேறொரு பாம்பு வரும். அது சாரையாக இருக்கலாம். கண்ணாடிவிரியனாகவும் இருக்கலாம், அதற்கும் எலிதான் இரை.

தடிக்குப் பதில் என்ன?

பாம்பு வருவதற்கான காரணத்தை அகற்றுவதுதான் வழி. விறகையும் செங்கல்லையும் வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காமல் தள்ளி அடுக்குங்கள். சுவர் ஓட்டைகளை அடையுங்கள். சிந்திய தானியத்தையும் சோற்றுக் குப்பையையும் வாசலில் விடாதீர்கள். பூசணிக்கொடியும் கீரைப் பாத்தியும் வாசற்படி வரை படர வேண்டியதில்லை. நாலு அடி வெற்றுத் தரை இருந்தால் பாம்பு வந்தாலும் கண்ணுக்குத் தெரியும். இருட்டில் போகும்போது டார்ச் விளக்கும் காலில் செருப்பும் வேண்டும். காய் பறிக்கும்போதும் களை எடுக்கும்போதும் முதலில் ஒரு குச்சியால் இலையை விலக்கிப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். தூங்குவது கட்டிலில் ஆகட்டும். கட்டில் இல்லாத வீட்டில், கொசுவலையை நன்றாகப் பாய்க்கடியில் செருகிக்கொண்டு தூங்குங்கள். சிறியாநங்கைச் செடி வைத்தால் பாம்பு வராது என்பார்கள். வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை நம்பி விளக்கில்லாமல் நடக்காதீர்கள்.

பாம்பு வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டால்? நல்லபாம்போடு ஒரே அறையில் குடித்தனம் நடத்தச் சொல்லி யாரும் கேட்க முடியாது. எட்ட நில்லுங்கள். சிறு குழந்தைகளை வெளியே கொண்டு போங்கள். பெரியவர் ஒருவர் தூரத்திலிருந்து அதைக் கண்காணிக்கட்டும். தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். நீங்களே பிடிக்க முயலாதீர்கள். சாரைக்குக் கண் பெரியது, உதட்டில் கறுப்புக் கோடுகள் உண்டு, படம் எடுக்காது என்றெல்லாம் படித்துத் தெரிந்துகொள்வது நல்லது. ஆனால் நிறம் பாம்புக்குப் பாம்பு மாறும். படித்தறிந்தது தொட்டுப் பார்ப்பதற்கான அனுமதிச் சீட்டு அல்ல.

எந்தப் பாம்பு கடித்தாலும், "இது சாரைதான்" என்று நீங்களே தீர்ப்புச் சொல்லாதீர்கள். கடித்த இடத்தைக் கீறக்கூடாது, வாய்வைத்து உறிஞ்சக்கூடாது, கயிற்றால் இறுக்கிக் கட்டக்கூடாது. கை காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாம்பைத் தேடி அடித்து எடுத்துக்கொண்டு போவது வீண் வேலை. மருத்துவருக்குக் கடிபட்டவரின் உடலே பதில் சொல்லிவிடும். சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் நீராகவே ஓடினால், விரியன் நஞ்சு இரத்தத்தில் கலந்திருக்கிறது என்று அறியலாம். எவ்வளவு எளிய சோதனை, எவ்வளவு பெரிய செய்தி!

தடியைக் கீழே வைத்தவர்கள்

பாம்பை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் இருளர் மக்கள். ஒரு காலத்தில் பாம்பைப் பிடித்துத் தோலுக்காக விற்று வாழ்ந்தார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அந்தத் தொழில் நின்றது. 1978-இல் அவர்களுக்கான கூட்டுறவுச் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் அது இருக்கிறது. பாம்பைப் பிடித்து, சில வாரங்கள் வைத்திருந்து, நஞ்சை எடுத்துவிட்டு, மறுபடியும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சைச் சிறு சிறு அளவில் குதிரைக்குச் செலுத்தி, குதிரையின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளிலிருந்துதான் நஞ்சுமுறி மருந்து தயாராகிறது. இச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. செத்த பாம்பின் தோல் ஒரு முறைதான் விலை போகும். உயிரோடு விட்ட பாம்பின் நஞ்சோ, முகம் தெரியாத பலரின் உயிரைக் காக்கிறது. கொல்லையில் விட்ட சாரையும் அப்படித்தான். அடித்தால் ஒரு நாள் பேச்சு. விட்டால் பல ஆண்டு எலி வேட்டை.

"பாம்பென்றால் படையும் நடுங்கும்" என்பது பழமொழி. நடுங்கட்டும், ஆனால் நடுக்கத்தில் எடுக்கும் முடிவு அறிவான முடிவாக இருப்பதில்லை. இந்த விடுமுறையில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தெருவில் பத்து வீடுகளுக்குப் போய் மூன்று கேள்விகள் கேளுங்கள். சென்ற ஆண்டில் எத்தனை பாம்புகளை அடித்தீர்கள்? எத்தனை பேர் இரவில் தரையில் கொசுவலை இல்லாமல் தூங்குகிறீர்கள்? நஞ்சுமுறி மருந்து இருக்கும் மருத்துவமனை எது என்று தெரியுமா? விடைகளை ஒரு நோட்டில் எழுதி, உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். முதல் கேள்விக்கு எல்லோரும் உடனே விடை சொல்லி, மூன்றாவது கேள்விக்கு யாரும் சொல்லாமல் நின்றால், நம் ஊரில் எதை மாற்ற வேண்டும் என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.