பிள்ளை மெலிந்தால் தாயைத் திட்டுவதை நிறுத்துங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள், கோபம் வந்தால் முழுதாகப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

நம் குடும்பக் குழுவில் போன வாரம் ஒரு செய்தி சுற்றி வந்தது. "ரேஷனில் அரிசி இருக்கு, அங்கன்வாடியில் முட்டை இருக்கு. அப்புறமும் பிள்ளை எலும்பும் தோலுமா இருந்தா அது பெத்தவளோட சோம்பேறித்தனம்." பல பேர் கட்டைவிரலைத் தூக்கியிருக்கிறீர்கள். அதில் சிலர் என்னிடம் அறிவியல் படித்தவர்கள். செரிமான மண்டலம் படம் வரைந்து பாகம் குறித்து மதிப்பெண் வாங்கியவர்கள். அதனால்தான் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டுக்குப் போவோம். அங்கே 317 ஜோடி இரட்டைக் குழந்தைகளை மூன்று வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். முடிவு 2013இல் வெளிவந்தது. ஏறக்குறைய பாதி ஜோடிகளில் இரண்டு பிள்ளைகளும் நன்றாக வளர்ந்தார்கள். மீதியில் பெரும்பாலானவற்றில் ஒரு பிள்ளைக்கு மட்டும் கடுமையான ஊட்டக்குறைவு வந்தது, கூடப் பிறந்தது நன்றாக இருந்தது. ஒரே தாய், ஒரே வீடு, ஒரே சாப்பாடு. சோம்பேறித்தனம்தான் காரணம் என்றால் அந்தத் தாய் ஒரு பிள்ளைக்கு மட்டும் சோம்பேறியாக இருந்தாளா? பதில் சொல்லுங்கள்.

அந்த ஆய்வாளர்கள் இன்னொன்றும் செய்தார்கள். நலிந்த பிள்ளையின் குடலில் இருந்த நுண்ணுயிர்களையும், நலமான பிள்ளையின் நுண்ணுயிர்களையும், கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குத் தனித்தனியாகக் கொடுத்தார்கள். இரண்டு வகை எலிகளுக்கும் மலாவிச் சாப்பாடுதான். நலிந்த பிள்ளையின் நுண்ணுயிர் பெற்ற எலிகள் அதிகமாக எடை இழந்தன. ஆக, தட்டில் என்ன விழுகிறது என்பது பாதிக் கதை. குடல் அதை என்ன செய்கிறது என்பது மீதிக் கதை.

குடலுறிஞ்சிகள் ஞாபகம் இருக்கிறதா? விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே, அவைதான். அசுத்தமான நீரும் மண்ணும் தினமும் வாய்க்குள் போகும் இடத்தில் வளரும் பிள்ளைக்கு அந்த விரல்கள் தேய்ந்து குட்டையாகின்றன. குடல் சுவர் ஒழுக ஆரம்பிக்கிறது. ஓயாத அழற்சியோடு போராடுவதிலேயே உடம்பின் சத்து செலவாகிறது. நம் வேலூர் உட்பட எட்டு நாடுகளில் பிறந்தது முதல் குழந்தைகளைத் தொடர்ந்த ஓர் ஆய்வு, வயிற்றுப்போக்கே இல்லாதபோதும் குடலில் சில கிருமிகள் தங்கியிருந்த பிள்ளைகள் உயரத்தில் பின்தங்கியதைக் காட்டியது. வெளியே நோய் தெரியாது. தாய்க்கும் தெரியாது. எப்படித் தெரியும்?

வங்கதேசத் தலைநகர் டாக்காவில், மிர்பூர் குடிசைப் பகுதிக் குழந்தைகளிடம் செய்த ஆய்வுகள் இதைவிட முக்கியம். ஊட்டக்குறைவான பிள்ளையின் குடல் நுண்ணுயிர்க் கூட்டம் அதன் வயதுக்கு ஏற்ப முதிரவில்லை என்று 2014இல் காட்டினார்கள். சிகிச்சை உணவு கொடுத்தபோது கொஞ்சம் முன்னேறி, நிறுத்தியதும் மறுபடி பின்தங்கியது. பிறகு அந்த நுண்ணுயிர்களுக்கே தீனி போடும் மாதிரி ஓர் உணவை உருவாக்கினார்கள். கொண்டைக்கடலை மாவு, சோயா மாவு, வேர்க்கடலை, வாழைக்காய். 2021இல் வந்த முடிவில், மூன்று மாதம் இதைச் சாப்பிட்ட பிள்ளைகள், வழக்கமான சத்துணவு சாப்பிட்டவர்களைவிட நன்றாக எடை கூடினார்கள். இத்தனைக்கும் புதிய உணவில் கலோரி குறைவு! சோதனையை முடித்தவர்கள் 118 குழந்தைகள்தான். சின்ன ஆய்வு. ஆனால் காட்டிய திசை பெரியது.

இதைச் சொன்னதும் இரண்டு கூட்டம் கிளம்பும் என்று எனக்குத் தெரியும்.

ஒன்று, "அப்போ குடலுக்கு நல்லது என்று போட்ட அந்த டப்பா வாங்கலாமா சார்?" என்று கேட்கும் கூட்டம். டாக்காவில் கொடுத்தது விளம்பர டப்பா இல்லை, கடலையும் வாழைக்காயும். அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள்.

இரண்டு, "இதையெல்லாம் நம் பாட்டி அன்றைக்கே சொன்னாள்" என்னும் கூட்டம். பாட்டி ஒன்று சொன்னாள், உண்மைதான். அடுத்த பிள்ளை வயிற்றில் வந்ததும் தாய்ப்பால் இழந்து நலியும் பிள்ளையைச் சவலைப் பிள்ளை என்றாள். ஆப்பிரிக்காவின் கா மொழியிலும் அதே பொருளில் ஒரு சொல் உண்டு. குவாஷியோர்கர். 1930களில் கோல்ட் கோஸ்ட்டில் வேலை பார்த்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், அந்தத் தாய்மார்களிடம் கேட்டுத்தான் நோய்க்கு அந்தப் பெயரையே வைத்தார். தாய் சொன்னதைக் காதில் வாங்கியதால் மருத்துவம் முன்னேறியது. ஆனால் பாட்டிகளுக்கு நோயின் பெயர் தெரிந்திருந்தும் பிள்ளைகள் செத்தார்கள். எந்த உணவு, எந்த வயதில், எவ்வளவு என்பதைச் சோதித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. பெருமை பேசினால் அந்த வேலை நடக்காது.

அப்படியானால் கழிப்பறை கட்டி, கை கழுவச் சொல்லிவிட்டால் போதுமா? வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே மூன்று நாட்டிலும் பெரிய அளவில் அதைச் செய்து பார்த்தார்கள். பிள்ளைகளின் வளர்ச்சி கூடவில்லை. சுத்தம் வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. வீட்டுக்கு ஒரு சோப்பும் ஒரு வாளியும் கொடுத்துவிட்டு, தெருச் சாக்கடையை அப்படியே விட்டால் பலன் வராது என்று அர்த்தம். குழாயில் நல்ல தண்ணீர், மூடிய சாக்கடை, அள்ளப்படும் குப்பை. இதெல்லாம் ஒரு தாய் தனியாகச் செய்யக்கூடிய வேலையா? உள்ளாட்சியின் வேலை. வரி கட்டும், ஓட்டுப் போடும் நம் எல்லாருடைய வேலை. அவளைத் திட்டும்போது நாம் தப்பித்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

சோறு முக்கியமில்லை என்றும் நான் சொல்லவில்லை. முட்டையையோ சத்துமாவையோ யாராவது குறைக்கப் பார்த்தால் முதல் ஆளாகச் சண்டைக்கு வருவேன். உலகில் ஐந்து வயதுக்குள் இறக்கும் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேரின் சாவுக்குப் பின்னால் ஊட்டக்குறைவு இருக்கிறது. சோறும் வேண்டும், அதை ஏற்கும் குடலும் வேண்டும்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். உங்கள் தெருவில், உங்கள் வீட்டில் வேலை செய்பவர் வீட்டில், மெலிந்த குழந்தை இருந்தால் அங்கன்வாடியில் புஜத்தின் சுற்றளவை நாடாவால் அளக்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள பிள்ளைக்கு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அது அவசரம். அன்றைக்கே ஆஸ்பத்திரி. கூடப் போங்கள், ஆட்டோவுக்குக் காசு கொடுங்கள். அந்தத் தாயிடம் "என்னம்மா பண்ணினே?" என்று கேட்காதீர்கள். "குடிக்கிற தண்ணி எங்கேர்ந்தும்மா வருது?" என்று கேளுங்கள். அவள் சொல்லும் பதிலை எழுதிக்கொண்டு போய் வார்டு கவுன்சிலரிடம் கொடுங்கள்.