நாய்க்கு வாங்கிய காது மருந்தைக் குழந்தைக்கு விடலாமா?

"எங்கள் வீட்டு நாய் பத்து நாட்களாகத் தலையை உதறிக்கொண்டே இருக்கிறது. காதில் கெட்ட வாடை வருகிறது. இரண்டு வயது மகனுக்கும் ஒரு வாரமாகச் சளி. மூன்று இரவு தூங்காமல் அழுதவன், நேற்று காதில் சீழ் வந்ததும் அழுகையை நிறுத்திவிட்டான். நாயிடமிருந்துதான் தொற்றிக்கொண்டதா? சென்ற ஆண்டு நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்து பாதி பாட்டில் இருக்கிறது. இப்போது இருவருக்கும் அதையே விடலாமா?"

— வாசகி, வில்லியனூர்

விடக் கூடாது, குழந்தைக்கும் சரி, நாய்க்கும் சரி. சீழ் வந்திருக்கிறது என்றால் குழந்தையின் செவிப்பறையில் சிறு துளை விழுந்திருக்கும் என்றே கொள்ள வேண்டும். நாய்களுக்கான காது மருந்துகள் பலவற்றில் பாக்டீரியா, பூஞ்சை, வீக்கம் ஆகிய மூன்றுக்குமான மருந்துகள் கலந்திருக்கும். அவற்றில் சேர்க்கப்படும் நியோமைசின், ஜென்டாமைசின் போன்றவை, துளை வழியாக உட்காதுக்குப் போனால் கேட்கும் திறனையே கெடுக்கக்கூடும். நாய்க்கும் செவிப்பறை கிழிந்திருந்தால் இதே ஆபத்து உண்டு. தவிர, திறந்து ஓராண்டு ஆன சொட்டு மருந்து குப்பைக்குத்தான் போக வேண்டும்.

அடுத்தது, தொற்று. குழந்தையின் காதில் சீழ் வந்ததற்கு நாய் காரணமில்லை. மூக்குக்குப் பின்னாலிருந்து நடுக்காதுக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. பெரியவர்களுக்கு அது நீளமாக, சரிவாக இருக்கும். சிறு குழந்தைகளுக்குக் குட்டையாகவும் ஏறக்குறைய படுக்கை வசமாகவும் இருக்கும். சளி பிடித்தால் அந்தக் குழாய் அடைத்துக்கொள்ளும். உள்ளே நீர் தேங்கி, அதில் கிருமி வளர்ந்து சீழாகும். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் காதுத் தொற்று அதிகம் வருவது இதனால்தான். நாய்க்குத் தொல்லை தொடங்குவது பெரும்பாலும் வெளிக்காதுக் குழாயில். இரண்டும் ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் வந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

அழுகை நின்றால் நோய் நின்றதா?

இல்லை. நடுக்காதில் சீழ் சேரச் சேரச் செவிப்பறை இறுகும். அதனால்தான் அந்த வலி. பறை உடைந்து சீழ் வெளியேறியதும் அழுத்தம் குறைந்து வலியும் குறைகிறது. குழந்தை தூங்கிவிடும். "வடிந்துவிட்டது, இனி பயமில்லை" என்று பல வீடுகளில் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். சரியான மருந்து கொடுத்தால் பெரும்பாலான குழந்தைகளுக்குத் துளை தானாக மூடிக்கொள்ளும். கவனிக்காமல் விட்டால் சீழ் மாதக்கணக்கில் வந்து போய்க்கொண்டிருக்கும். 14 நாட்களைத் தாண்டியும் சீழ் வந்தால் அது நாள்பட்ட காது நோய். செவித்திறன் குறையும். பேச்சு வர வேண்டிய வயதில் காது மந்தமானால் பேச்சும் தாமதமாகும். பள்ளியில் "கவனிக்காத பிள்ளை" என்று பெயர் வாங்கும் சில குழந்தைகளுக்கு உண்மையில் காதுதான் கேட்பதில்லை.

பேசத் தெரியாத குழந்தை காது வலியைச் சொல்லும் விதங்கள் இவை: இரவில் படுக்க வைத்தால் அழுகை கூடும். காதைப் பிடித்து இழுக்கும். பால் குடிக்கத் தொடங்கி, உறிஞ்சும்போது வலித்து, விட்டுவிட்டு அழும். காய்ச்சல் இருக்கும். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாது. "பல் முளைக்கிறது" என்று இதைத் தள்ளிவிட வேண்டாம்.

குழந்தைக்கு இப்போது செய்ய வேண்டியது

இன்றே அரசு சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர் ஆன்டிபயாடிக் கொடுத்தால், காய்ச்சல் விட்டாலும் சொன்ன நாள் வரை நிறுத்தாமல் கொடுக்க வேண்டும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். குழந்தையின் எடையைச் சொல்லி அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

காதை உலர்வாக வைப்பது பாதி வைத்தியம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எளிய முறை இது: துவைத்துக் காயவைத்த, நீரை உறிஞ்சும் பருத்தித் துணியைத் திரிபோலத் திரித்துக் காதில் மெல்ல வையுங்கள். நனைந்ததும் எடுத்துவிட்டு வேறு திரி வையுங்கள். திரி நனையாமல் வரும்வரை மாற்றுங்கள். ஒரு நாளைக்கு மூன்று முறை செய்யலாம். திரியைக் காதில் விட்டுவிடக் கூடாது. பட்ஸ், ஊக்கு, கோழி இறகு, தீக்குச்சி எதுவும் வேண்டாம். சீழ் நிற்கும்வரை தலைக்கு ஊற்றும்போது காதில் தண்ணீர் புகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சிய எண்ணெய், பூண்டுச் சாறு, தாய்ப்பால் ஆகியவற்றைக் காதில் விடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. துளை விழுந்த காதில் இவை கிருமிக்கும் பூஞ்சைக்கும் தீனியாகும். எண்ணெய்க் குளியல் அன்று நல்ல காதிலும் எண்ணெய் விடத் தேவையில்லை. குறும்பி அழுக்கு அல்ல. அது காதைக் காக்கும் பூச்சு. தானாகவே வெளியே வந்துவிடும்.

காதுக்குப் பின்னால் வீங்கித் தொட்டால் வலிப்பது, காது மடல் முன்னால் தள்ளி நிற்பது, வாய் ஒரு பக்கம் கோணுவது, கழுத்து விறைப்பது, ஓயாத வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. எல்லைப்பிள்ளைச்சாவடியில் உள்ள அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனைக்கோ, கோரிமேடு ஜிப்மருக்கோ உடனே போக வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சலோடு காது வலி என்றாலும் அப்படித்தான்.

நாய்க்குச் செய்ய வேண்டியது

நாயின் காதுக்குழாய் 'ட' எழுத்தைப் போல முதலில் கீழே இறங்கி, பிறகு உள்பக்கம் மடங்கும். அதனால் உள்ளே போன தண்ணீரும் அழுக்கும் எளிதில் வெளியே வருவதில்லை. காது தொங்கும் இனங்களுக்கும், காதுக்குள் முடி அடர்ந்த இனங்களுக்கும் தொல்லை அதிகம். நிமிர்ந்த காதுள்ள நாட்டு நாய்க்கு வராது என்றும் சொல்ல முடியாது. ஏரியில் நீந்துவது, உண்ணி, காதில் ஏறிய ஊசிப்புல், தோல் ஒவ்வாமை எல்லாமே காரணமாகலாம்.

கசிவைப் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம். காப்பித்தூள் போலக் கறுப்பாக உதிர்ந்தால் கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணியாக இருக்கலாம். பிசுபிசுப்பான பழுப்பு நிறமும் புளித்த வாடையும் இருந்தால் பூஞ்சையாக இருக்கலாம். மஞ்சள் சீழும் துர்நாற்றமும் இருந்தால் பாக்டீரியாவாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. காதுக்குள் கருவி வைத்துப் பார்த்து, கசிவை நுண்ணோக்கியில் சோதித்தால்தான் உறுதியாகத் தெரியும். உள்ளூர் கால்நடை மருந்தகத்தில் காட்டலாம். தேவைப்பட்டால் வில்லியனூருக்கு அருகே குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுபோகலாம். சிற்றுண்ணி என்று தெரிந்தால் வீட்டில் உள்ள மற்ற நாய்களுக்கும் பூனைகளுக்கும் சேர்த்தே வைத்தியம் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றிடமிருந்து ஒன்றுக்கு மறுபடி வரும்.

மண்ணெண்ணெய், பீனாயில், புகையிலைத் தண்ணீர் ஆகியவற்றை நாயின் காதில் ஊற்ற வேண்டாம். மாட்டுக்கு வாங்கி வைத்த ஐவர்மெக்டின் ஊசி மருந்தையும் சொந்தமாகக் கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டாம். அளவு மீறினால் நரம்பைத் தாக்கும். காலி போன்ற சில இனங்களால் சிறிதளவைக்கூடத் தாங்க முடியாது.

காலம் கடத்தினால் உதறி உதறிக் காது மடலுக்குள் இரத்தம் கட்டி பலூன் போல வீங்கும். தொற்று உள்ளே இறங்கினால் தலை ஒரு பக்கம் சாயும், நடை தள்ளாடும். அப்போது வைத்தியமும் நீளும், செலவும் கூடும்.

இன்னொன்று முக்கியம். காது வலியுள்ள நாய் சாதுவானதாக இருந்தாலும், காதைத் தொட்டால் கடிக்கும். இரண்டு வயதுக் குழந்தைக்கு நாயின் காதுதான் விளையாட்டுப் பொருள். நாய்க்குக் குணமாகும்வரை இருவரையும் தனியாக விட வேண்டாம். கடித்தாலோ பல் பட்டுக் கீறினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். "தடுப்பூசி போட்ட வீட்டு நாய்தானே" என்று இருந்துவிட வேண்டாம்.

"பம்ப்செட் தொட்டியில் தினமும் குளிக்கும் எட்டு வயது மகளுக்குக் காதில் அரிப்பு. காது மடலைத் தொட்டாலே வலிக்கிறது என்கிறாள். சளி, காய்ச்சல் எதுவும் இல்லை. இதுவும் அதே நோய்தானா?"

— வாசகர், பாகூர்

இது பெரும்பாலும் வெளிக்காதுத் தொற்று. நடுக்காது நோயில் மடலை அசைத்தால் பொதுவாக வலி கூடாது. வெளிக்காதுக் குழாய் புண்ணாகியிருந்தால் தொட்டாலே வலிக்கும். ஈரம் தங்கித் தோல் ஊறிப்போக, அரிப்புக்காகக் குச்சி விட்டுக் குடைய, அந்தக் கீறலில் பாக்டீரியாவோ பூஞ்சையோ குடியேறும். இதற்கு மாத்திரையைவிடச் சொட்டு மருந்துதான் பெரும்பாலும் பலன் தரும். ஆனால் பறை முழுதாக இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்த பிறகே விட வேண்டும். குணமாகும்வரை தொட்டி, ஏரி, ஆறு எதிலும் முங்கக் கூடாது. குளித்ததும் தலையை இரு பக்கமும் சாய்த்துத் தண்ணீரை வடியவிட்டு, காதின் வெளிப்புறத்தை மட்டும் துணியால் துடைத்தால் போதும்.

வருமுன் காக்க

குழந்தைக்கு: முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். படுத்தபடி பாட்டில் பால் வேண்டாம், தலையை உயர்த்திப் பிடித்துக் கொடுக்கவும். விறகடுப்புப் புகையும் பீடிப் புகையும் குழந்தை இருக்கும் இடத்துக்கு வரக் கூடாது. நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் தடுப்பூசி காதுத் தொற்றையும் ஓரளவு குறைக்கும். அரசுத் திட்டத்தில் இலவசமாக 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என மூன்று தவணை போடப்படுகிறது. குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்து, விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

நாய்க்கு: வாரம் ஒருமுறை காதைத் திருப்பிப் பார்த்து, முகர்ந்து பாருங்கள். நல்ல காதுக்குத் துர்நாற்றம் இருக்காது. குளிப்பாட்டியதும், நீந்தி வந்ததும் காதைத் துடைத்து உலரவிடுங்கள். மழைக்காலத்தில் உண்ணியைத் தேடி எடுங்கள். ஆண்டுதோறும் வெறிநாய்த் தடுப்பூசி போடுங்கள்.

வீட்டு அலமாரியில் மனிதர் மருந்தும் கால்நடை மருந்தும் ஒரே தட்டில் இருந்தால், இன்றே பிரித்து வையுங்கள்.