தண்ணீர் குடிக்க விடாத வேலையும் சிறுநீரகக் கல்லும்

சிறுநீரகக் கல் வலியோடு போகிறவருக்கு மருத்துவர் மாத்திரைகளை எழுதிக் கொடுத்துவிட்டுக் கடைசியாக ஒன்று சொல்வார்: ‘நிறையத் தண்ணீர் குடியுங்கள்.’ வழக்கமாகச் சொல்வதுதானே என்று நோயாளியும் தலையாட்டிவிட்டு வருவார். ஆனால், கல் திரும்ப வராமல் தடுப்பதில் அறிவியல் ஆதாரம் உறுதியாக உள்ள வழிகளில் இதுவும் ஒன்று. அந்த வழியைப் பின்பற்ற இடம் கொடுக்காத வேலைகளில் நம்மில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்பதுதான் இங்கே பேசப்பட வேண்டியது.

இத்தாலியின் பார்மா நகரில் லோரிஸ் போர்கி என்ற மருத்துவ ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1996-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முதல்முறையாகக் கால்சியம் கல் வந்த 199 பேரை அவர்கள் இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். நாளொன்றுக்குக் குறைந்தது 2 லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று ஒரு பிரிவினரிடம் சொல்லப்பட்டது. மற்றவர்களுக்கு அப்படி எதுவும் சொல்லப்படவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, தண்ணீர் குடித்தவர்களில் 12 சதவீதம் பேருக்கே மறுபடி கல் வந்திருந்தது. மற்ற பிரிவில் அது 27 சதவீதம். சிறுநீரில் கரைந்திருக்கும் கால்சியமும் ஆக்சலேட்டும் செறிவு மிகும்போது படிகமாகின்றன. நீர் கூடினால் செறிவு குறைகிறது. ஒரு மாத்திரைகூட இல்லாமல் கிடைத்த பலன் இது.

ஆறு ஆண்டுகள் கழித்து அதே குழு இன்னொரு பழைய நம்பிக்கையைச் சோதித்தது. கற்களில் பெரும்பாலானவை கால்சியம் கற்கள் என்பதால், கால்சியத்தைக் குறைத்தால் கல் குறையும் என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. பாலையும் தயிரையும் நிறுத்தச் சொன்னது. ஆனால், அமெரிக்க ஆய்வாளர் கேரி கர்ஹன் 1993-இல் 45,000-க்கும் மேற்பட்ட ஆண்களின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்தபோது, உணவில் கால்சியம் அதிகம் சேர்த்தவர்களுக்கே கல் குறைவாக வந்திருந்தது. போர்கி குழு 2002-இல் இதை நேரடிச் சோதனையில் உறுதிப்படுத்தியது. சிறுநீரில் கால்சியம் மிகுதியாக வெளியேறி, திரும்பத் திரும்பக் கல் வந்துகொண்டிருந்த 120 ஆண்களில் பாதிப் பேருக்குக் கால்சியம் குறைந்த உணவு தரப்பட்டது. மற்ற பாதிப் பேர் கால்சியத்தை வழக்கமான அளவில் உண்டு, உப்பையும் இறைச்சியையும் குறைத்துக்கொண்டார்கள். ஐந்து ஆண்டுகளில் முதல் பிரிவின் 60 பேரில் 23 பேருக்கும், இரண்டாவது பிரிவின் 60 பேரில் 12 பேருக்கும் கல் திரும்பியது.

உணவில் உள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடுகிறது. கால்சியத்தை நிறுத்தினால் ஆக்சலேட் தடையின்றி ரத்தத்தில் கலந்து சிறுநீருக்கு வருகிறது. உப்போ சிறுநீரில் கால்சியத்தை அதிகமாக்குகிறது. கல் வந்த பலர் இன்றும் தக்காளி விதைக்குப் பயப்படுகிறார்கள், மோரை ஒதுக்குகிறார்கள். ஊறுகாய், அப்பளம், கருவாட்டின் உப்பைப் பற்றி யாரும் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. கல்லின் வகைக்கேற்ப உணவு மாறும் என்பதால் மருத்துவரைக் கேட்டுத்தான் எதையும் முடிவு செய்ய வேண்டும். ஆனாலும், மோரை நிறுத்துவதற்கு முன் உப்பைக் குறைப்பதே பெரும்பாலோருக்குப் பொருந்தும்.

கல் என்றால் சில நாள் வலி, பிறகு சரியாகிவிடும் என்ற எண்ணமும் மாற வேண்டும். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2012-இல் வெளியான ஆய்வில், ஒருமுறையாவது கல் வந்தவர்களுக்குச் சிறுநீரகம் முற்றிலும் செயலிழக்கும் அபாயம் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. கல் வந்த மிகப் பெரும்பாலோர் டயாலிசிஸுக்குப் போவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும்தான் சிறுநீரகத்தின் பெரிய எதிரிகள். ஆனால் திரும்பத் திரும்ப வரும் கல், அடைப்பு, தொற்று ஆகியவை சிறுநீரகத்தை மெல்லத் தேய்க்கின்றன.

அப்படித் தேய்ந்து செயலிழந்துபோனால் வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் படுக்கை. கூலி வேலைக்குப் போகிறவருக்கு அது வாரத்தில் மூன்று நாள் சம்பள இழப்பு. கூட வரும் மனைவிக்கோ மகனுக்கோ அன்றைய வேலையும் போகும். முன்பு போதுமான தண்ணீர் குடிக்காதவர், இப்போது குடிக்கிற ஒவ்வொரு டம்ளரையும் அளந்து குடிக்க வேண்டும். சிறுநீர் பிரியாத உடலில் நீர் தங்கினால் மூச்சுத் திணறும்.

நம் ஊர்க் கதை இங்கேதான் வருகிறது. சென்னையில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபாலும் சக ஆய்வாளர்களும் தென்னிந்திய இரும்பு ஆலை ஒன்றின் தொழிலாளர்கள் 340 பேரை ஆராய்ந்து 2020-இல் கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களில் சிறுநீரகத் தொந்தரவு இருப்பதாகச் சொன்ன 91 பேருக்கு ஸ்கேன் எடுத்தபோது, நான்கில் ஒருவருக்கும் மேல் கல் இருந்தது. கல் இருந்தவர்களில் பெரும்பாலோர் பாதுகாப்பு வரம்பை மீறிய வெப்பத்தில் வேலை செய்தவர்கள். அறிகுறி உள்ளவர்களையே ஸ்கேன் செய்ததால் இதை எல்லாத் தொழிலாளர்களுக்குமான விகிதமாகக் கொள்ள முடியாது. ஆனால் வெப்பம், வியர்வை, செறிந்த சிறுநீர், கல் என்ற தொடர், போர்கி நிறுவிய உடலியலோடு பொருந்திப் போகிறது.

இதே ஆய்வாளர்கள் 2016-இல் பெண் தொழிலாளர்களைப் பற்றி எழுதியது இன்னும் வேதனையானது. கழிப்பறை இல்லாத இடங்களில் வேலை செய்யும் பெண்கள் சிறுநீரை அடக்கிக்கொள்கிறார்கள். அடக்க வேண்டியிருப்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். உப்பளம், செங்கல் சூளை, கட்டுமானம், நடவு வயல் என்று எங்கும் இதுதான் நிலை. இவர்களைப் பார்த்து ‘தண்ணீர் குடிக்காதது உன் தவறு’ என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

தமிழ்நாட்டில் டயாலிசிஸுக்கு அரசு காப்பீட்டுத் திட்டத்தில் உதவி கிடைக்கிறது. வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் அதற்கான பைகளைக் கொண்டுசேர்க்கிறது. இவை உயிர் காக்கும் ஏற்பாடுகள். ஆனால் நோய் முற்றிய பிறகு நீளும் கை, அது வருவதற்கு முன்பும் நீள வேண்டும். 1948-இன் தொழிற்சாலைகள் சட்டமே குடிநீரையும் கழிப்பறையையும் கட்டாயமாக்கியது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் வெயில் காலத்தில் குளிர்ந்த நீர் தர வேண்டும் என்றது. அந்தப் பாதுகாப்பு ஆலைக்கு வெளியே வெயிலில் நிற்பவருக்கு எட்டவில்லை. கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையை 2021-இல் சட்டமாக்கிய மாநிலம் இது. வெப்ப அலையை 2024-இல் மாநிலப் பேரிடராக அறிவித்த மாநிலமும் இதுதான். அடுத்த அடியை எடுத்து வைக்க இதைவிடத் தகுதியான மாநிலம் எது?

வெயில் மாதங்களில் திறந்தவெளி வேலைகளில் சம்பளப் பிடித்தம் இல்லாத தண்ணீர் இடைவேளையும் நிழலும் கட்டாயமாக வேண்டும். பெண்கள் வேலை செய்யும் இடங்களில் நடமாடும் கழிப்பறை இல்லாமல் அரசு ஒப்பந்தப் பணி எதற்கும் பட்டியல் தொகை தரக் கூடாது. சூளையிலும் உப்பளத்திலும் ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீர்ப் பரிசோதனையும், சிறுநீரகச் செயல்பாட்டை அறியும் கிரியாட்டினின் பரிசோதனையும் நடக்க வேண்டும். வேலை நேரம் வீணாகும் என்று முதலாளிகள் சொல்லலாம். கல் வலியால் துடிக்கும் தொழிலாளி இழக்கும் நாட்களையும் அவர்கள் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். ‘நிறையத் தண்ணீர் குடியுங்கள்’ என்பதை நோயாளிக்கு மட்டும் சொல்லி நிறுத்தாமல், அவரை வேலைக்கு வைத்திருப்பவருக்கும் சட்டத்தின் வழியாகச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் அதிகாரம் அரசிடம் இருக்கிறது.